எஃப்-6 ஜெல்லை யார் வைத்துக்கொள்வது? பார்மசி கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பார்மசி கல்லூரிகளில் பார்மசூட்டிக்ஸ் துறை வழிகாட்டிகளாக இருக்கும் பேராசிரியர்களுக்கும், ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் எம்.பார்ம் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போன மாதம் என் மருந்துக்கடைக்கு ஒரு தம்பி வந்தார். கவுன்ட்டரில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை பற்பசை அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மேடம், குளோட்ரிமசோல் வெஜைனல் ஜெல் ஒரு ட்யூப் வேணும்" என்றார். வீட்டில் யாருக்கு, எத்தனை நாளாக என்று வழக்கம்போல் கேட்டேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, ப்ராஜெக்டுக்கு மேடம். மார்க்கெட்ல இருக்கிறதோட கம்பேர் பண்ணணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2009இல் நானும் அதே ட்யூபை, அதே குரலில், வேறொரு ஊர்க் கடையில் வாங்கினேன். என் ப்ராஜெக்டும் அதேதான்: கேண்டிடா பூஞ்சைத் தொற்றுக்கு, சவ்வில் ஒட்டி நிற்கும் குளோட்ரிமசோல் ஜெல். ஜெல்லைக் கட்டியாக்கும் கார்போபாலையும் எச்.பி.எம்.சி.யையும் வெவ்வேறு அளவில் கலந்து எஃப்-1 முதல் எஃப்-9 வரை ஒன்பது ஜெல் செய்தேன். எஃப்-6 ஜெயித்தது. (எல்லாருடைய ஆய்வேட்டிலும் நடுவில் இருப்பதுதான் ஜெயிக்கும். எஃப்-1 ஜெயித்து நான் பார்த்ததில்லை.) அதற்கப்புறம் மருந்துதான் மாறுகிறது. குளோட்ரிமசோல் போய் இட்ராகோனசோல், அது போய் லுலிகோனசோல். ஜெல்லுக்குள் மருந்தைச் சுமக்க நியோசோம் என்ற நுண்பை வந்தது, நானோ எமல்ஷன் என்ற நுண்துளி வந்தது. ஏதோ ஒரு எஃப் ஜெயித்தது என்று முடியும் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் மட்டும் மாறவே இல்லை.

அந்தத் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இதை ஒரு பொம்பளை எந்த நேரத்தில், எங்கே வைத்து, எப்படி வைத்துக்கொள்வாள்?" அவருக்குத் தெரியவில்லை. குறை சொல்லவில்லை; எனக்கும் அன்று தெரியாது. வைவாவுக்கு முன்னால் இதை என் வழிகாட்டியிடம் கேட்டபோது, "அதெல்லாம் கிளினிக்கல் சைடு, நமக்கெதுக்கும்மா" என்றார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடித் தகட்டில் ஜெல் பரவிய அளவில் தசமப் புள்ளியைப் பற்றி இருபது நிமிடம் கேட்டார். அந்த ஜெல்லை உங்களால் வைத்துக்கொள்ள முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதத்தில் விடை கிடைத்தது. திரிந்த பால் மாதிரி வெள்ளை, தாங்க முடியாத அரிப்பு. கர்ப்பக் காலத்தில் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தவிர்க்கச் சொல்வார்கள். குளோட்ரிமசோல் மாதிரி உள்ளே வைக்கும் அசோல் வகை மருந்து ஏழு இரவு, அதுதான் வழி. முதல் இரவு வைத்ததுமே சுருக்கென்று எரிந்தது. காலையில் எழுந்து நின்றால் பாதி மருந்து பாவாடையில். என் ஆய்வேட்டில் ஜெல் ஆறு மணி நேரம் ஒட்டி நிற்கும் என்று எழுதியிருந்தேன். கசாப்புக் கடையிலிருந்து வாங்கி வந்த ஆட்டுச் சவ்வைக் கண்ணாடியில் ஒட்டி அளந்த ஆறு மணி நேரம். அந்தச் சவ்வு விடிகாலையில் எழுந்து வாசல் தெளிக்கவில்லை.

ஒரு 150 மி.கி. ஃப்ளூகோனசோல் மாத்திரையை விழுங்கினால் தீரும் விஷயத்துக்கு ஜெல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அரசு மருத்துவமனைகளில் வெள்ளைப்படுதலுக்குக் கொடுக்கும் பச்சை நிற இரண்டாம் எண் மருந்துப் பொட்டலத்திலும், வேறு தொற்றுகளுக்கான செக்னிடசோலோடு ஃப்ளூகோனசோல்தான் இருக்கிறது. நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குச் சிக்கல். சில வகைப் பூஞ்சைக்கு அது சரியாகக் கேட்பதும் இல்லை. ஆகவே ஜெல் வேண்டும். பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிற தொற்று இது. நீங்கள் எடுத்துக்கொள்ளும் தலைப்பு சரியானதுதான். அதைச் செய்கிற விதத்தில்தான் எனக்குச் சண்டை.

முதலில் அமிலம். நல்ல நிலையில் இருக்கும் பெண்ணுறுப்பின் உட்பகுதியில் பி.எச். 3.8 முதல் 4.5 வரை (7 நடுநிலை; குறையக் குறைய அமிலம்). லாக்டோபேசிலஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து அப்படி வைத்திருக்கிறது. கேண்டிடா தொற்று வந்தாலும் பெரும்பாலும் இந்த அளவு மாறுவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? கார்போபாலைத் தண்ணீரில் ஊறவைத்து, ட்ரைஎத்தனோலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 7க்குப் பக்கத்தில் கொண்டுவருகிறோம். கண்ணாடி மாதிரி கட்டியாக நிற்கும், போட்டோவுக்கு அழகு. அந்தக் கட்டி 4.2இல் என்ன ஆகும்? கார்போபாலின் அமிலத் தொகுதிகள் மின்னூட்டம் இழந்து சங்கிலி சுருங்கும், ஜெல் இளகும். மருந்து வெளியேறும் வேகத்தையும் பி.எச். 6.8 அல்லது 7.4 உள்ள பாஸ்பேட் பஃபர் கரைசலில் அளக்கிறோம். ஏன் என்றால் அதுதான் லேபில் ஏற்கெனவே கரைத்து வைத்திருக்கிறது. குளோட்ரிமசோல் காரத்தன்மை உள்ள மருந்து. அமிலத்தில் அதன் கரைதலும் சிதைவும் வேறு. 7.4இல் வரைந்த வளைகோடு குடலுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இதற்குத் தீர்வு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் இருக்கிறது. ஓவன், கட்ஸ் என்ற இருவர் 1999இல் செயற்கை யோனித் திரவத்துக்கு ஒரு செய்முறை வெளியிட்டார்கள். உப்பு, லாக்டிக் அமிலம், அசெட்டிக் அமிலம், கிளிசரால், யூரியா, குளுக்கோஸ், மாட்டுச் சீரம் ஆல்புமின் என்று எல்லாம் சாதாரணச் சரக்கு, பி.எச். 4.2. அவர்கள் கணக்கில் உள்ளே ஒரு நேரத்தில் இருக்கும் திரவம் முக்கால் மில்லிக்குள்தான். நாமோ மருந்தை 500 மில்லி, 900 மில்லி பாத்திரத்தில் சுழற்றுகிறோம். ஆட்டுச் சவ்வும் முயலும்கூட இதில் உதவாது. இந்த அளவுக்கு அமிலமாக இருப்பது மனுஷிக்கு மட்டும் உரிய விசித்திரம். மற்ற பாலூட்டிகளில் பெரும்பாலும் நடுநிலைக்குப் பக்கம்தான்.

எரிச்சலுக்கு வருகிறேன். குளோட்ரிமசோல் தண்ணீரில் கரையாது. ஆகவே ப்ரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றிக் கரைக்கிறோம். பத்து சதவீதம், சிலர் பதினைந்து. மூலக்கூறு எடை 76. நூறு கிராம் ஜெல்லில் பத்து கிராம் என்றால் மீதித் தண்ணீருக்கு ஆஸ்மோலாலிட்டி (ஒரு கிலோ தண்ணீரில் கரைந்திருக்கும் துகள்களின் அளவு) என்ன வரும்? பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள், 1,400 மில்லி ஆஸ்மோலைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 2012இல் உறவின்போது பயன்படுத்தும் வழவழப்பு ஜெல்களுக்கு ஒரு வரம்பு சொன்னது: 380 நல்லது, 1,200க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் சவ்வின் செல்களிலிருந்து ஜெல் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறது. ஏற்கெனவே அரித்து, சொறிந்து, தோல் உரிந்த இடம். அதில் போய் இதை வைத்தால் எரியாமல் என்ன செய்யும்? ஏழாம் மாதத்தில் எனக்கு எரிந்த காரணம் இதுதானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் எஃப்-6இல் 12 சதவீதம் இருந்தது என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. ஆய்வேட்டில் ஆஸ்மோலாலிட்டி என்ற சொல்லே இல்லை.

சவ்வு புண்ணானால் என்ன நடக்கும் என்பதற்கு, விந்தணுவைக் கொல்லும் நானாக்ஸினால்-9 ஜெல் சாட்சி. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று நம்பி, பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் சோதித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. மருந்து ஜெல் வைத்தவர்களுக்குத்தான் எச்.ஐ.வி. அதிகமாக வந்திருந்தது. சோதனைக் குழாயில் கிருமியைக் கொன்ற அதே பொருள், அடிக்கடி வைத்துக்கொண்டபோது சவ்வையும் அரித்திருந்தது.

அப்புறம் பொலாக்சமர் என்ற பாலிமர். இது இப்போது ஃபேஷன். குளிரில் திரவமாக இருக்கும், உடல் சூட்டில் கட்டியாகும். உள்ளே போனதும் ஜெல்லாக மாறி ஒட்டிக்கொள்ளும் என்று எழுதுவீர்கள். 30 முதல் 34 டிகிரியில் கட்டியாக வேண்டும் என்று அளவைச் சரிசெய்வீர்கள். லேபில் ஏ.சி. ஓடும். என் கடையில் அக்னி நட்சத்திரத்தில் மதியம் மின்சாரம் போனால் உள்ளே 36, 37 டிகிரி. உங்கள் திரவம் ட்யூபிலேயே கட்டியாகிவிடும். ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்பீர்கள். கடை ஃப்ரிட்ஜ் இன்சுலினுக்கே போதவில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தாலும் அது மாமியார் நாளைக்குப் பத்து முறை திறக்கிற ஃப்ரிட்ஜ். இட்லி மாவுக்குப் பக்கத்தில் இந்த ட்யூபை வைக்கிற மருமகள் யார் என்று எனக்குக் காட்டுங்கள். உள்ளே போனதும் உடல் திரவம் கலந்து நீர்த்துப்போனால் கட்டியாகும் வெப்பநிலை மேலே ஏறும் என்பது வேறு. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆய்வேடுகள் உண்டு, எல்லாம் அல்ல.

பூஞ்சை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து வாங்கிய கேண்டிடா அல்பிகன்ஸ் ஒரே ஒரு வகையைத் தட்டில் வளர்த்து, ஜெல்லைக் குழியில் வைத்து, சுற்றி எத்தனை மில்லிமீட்டர் வெளுத்தது என்று ஸ்கேல் வைத்து அளக்கிறோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயோடு இந்தத் தொற்றும் இருந்த 111 பெண்களில் 68 பேரிடம் இருந்தது கேண்டிடாவின் இன்னொரு இனமான கிளாப்ராட்டா. அல்பிகன்ஸ் 32 பேரிடம்தான். கிளாப்ராட்டா இருந்தவர்களில் ஃப்ளூகோனசோலுக்குப் பூஞ்சை போனது 28.6 சதவீதம் பேருக்கு. போரிக் அமிலத்தை உள்ளே வைத்தவர்களில் 63.6 சதவீதம். இது வெளிநாட்டுக் கதை இல்லை. என் கடையில் மாதா மாதம் சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்லோசின் வாங்கிப் போகும் பெண்கள் எத்தனை பேர்! 2020இல் காப்புரிமை முடிந்ததும் விலை சரிந்து, இப்போது எல்லார் சீட்டிலும் இருக்கிறது. அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை, பூஞ்சைக்கு விருந்து. "மாத்திரை மாத்தினதிலேர்ந்து அரிக்குதும்மா" என்று வருகிறவர்களுக்கு அல்பிகன்ஸ் மட்டும் தெரிந்த ஜெல் எந்த அளவுக்குக் கேட்கும்? உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் போய்க் கேட்டால் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிளாப்ராட்டாவும் ட்ராபிகாலிஸும் கிடைக்கும். ஒரு கடிதம், ஒரு ஆட்டோ சத்தம், அவ்வளவுதான்.

கடிதம் என்றதும் இன்னொன்று. பூஞ்சைக்கு மனிதர்கள் பயமில்லாமல் பயன்படுத்த முடிந்த முதல் மருந்துகளில் ஒன்று நிஸ்டாட்டின். கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். ஹேசன் நியூயார்க் நகரத்தில் மண்ணில் நுண்ணுயிர் தேடினார். பிரவுன் ஆல்பனியில் வேதியியல் பார்த்தார். ஜாடிகள் தபாலில் போய் வந்தன. 1950இல் அறிவித்தார்கள். வந்த காப்புரிமைப் பணத்தையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் இருந்த தூரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். உங்கள் கல்லூரிக்கும் ஊர் மருந்துக்கடைக்கும் நடுவில் இருப்பது இரண்டு பஸ் ஸ்டாப்.

இனி கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வாருங்கள். என் வீட்டுக்காரர் கடையில் நின்றால் பெண்கள் ஒரு பாராசிட்டமால் அட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில் திரும்பி வருவார்கள். யாரும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. "சூடும்மா" என்பார்கள். "வெள்ளை படுது", "உள்ள அரிக்குது". அதற்கு முன் மோரும் வெந்தயமும் குடித்துப் பார்த்திருப்பார்கள். வீட்டில் யாருக்கோ படர்தாமரைக்கு வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவியும் பார்த்திருப்பார்கள். இரண்டு நாள் சுகமாக இருக்கும், அப்புறம் இரண்டு மடங்காக வரும்.

அரிப்பு எல்லாம் கேண்டிடா என்றும் இல்லை. அமெரிக்காவில் சீட்டு இல்லாமல் இந்த மருந்தைத் தாங்களே வாங்கிய 95 பெண்களைச் சோதித்துப் பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் கேண்டிடா இருந்தது. 2002இல் வெளியான ஆய்வு அது. ஜெல்லோடு ஒரு பி.எச். காகிதத் துண்டை அட்டைப்பெட்டியில் வைப்பதை யாராவது ப்ராஜெக்டாகச் செய்யலாமே? 4.5க்கு மேல் காட்டினால் வேறு தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்ல எனக்கும் ஒரு பிடி கிடைக்கும். இப்போது நானே கேள்வி கேட்டுத்தான் அனுப்புகிறேன்: மீன் வாடை, அடிவயிற்று வலி, காய்ச்சல், கர்ப்பம், வருடத்தில் மூன்றாவது முறை. இதில் எது இருந்தாலும் கடையில் மருந்து கிடையாது.

ட்யூபைக் கொடுத்தால் கேள்விகள் வரும். நடுவில் தூரம் வந்தால் நிறுத்தணுமா? இதை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகலாமா? வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்ல? மில்லில் நைட் ஷிஃப்ட், எப்போது படுத்துக்கொண்டு வைப்பது? ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் எந்த மூலையில் வைப்பது? கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு, மருந்தை உள்ளே விடும் குழாயைக் காட்டினால் அம்மாக்களுக்குக் கோபம் வருகிறது. என்னையே ஒரு அம்மா திட்டிவிட்டுப் போனார். குழாயைக் கழுவி எங்கே காயவைப்பது? மூன்றாம் நாள் அரிப்பு நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள். ஒருவர், உள்ளே வைக்க வேண்டிய ஆறு பெசரி மாத்திரையையும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, "கசப்பா இருந்துச்சு, கேக்கல" என்றார். நல்லவேளை அது குளோட்ரிமசோல். போரிக் அமிலமாக இருந்திருந்தால் நஞ்சு.

பெட்டிக்குள் இருக்கும் தாள் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். தமிழில் எழுதினாலும் எந்தச் சொல்லைப் போடுவீர்கள்? 'யோனி' என்று எழுதினால் யாரும் அந்தத் தாளை வீட்டில் வைக்க மாட்டார்கள். 'பிறப்புறுப்பு' என்றால் வெளியே தடவுவதா உள்ளே வைப்பதா என்று புரியாது. நான் "ஊசி இல்லாத சிரிஞ்சு மாதிரி இருக்கும், படுத்துக்கிட்டு உள்ள விடணும்" என்று சொல்லி, பேனா மூடியை வைத்துக் காட்டுகிறேன். ஒரு நல்ல படமும் நாலு வரித் தமிழும் எழுதி, அதைப் பத்துப் பெண்களிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்ப்பதே ஒரு முழு ப்ராஜெக்ட். எஃப்-1 முதல் எஃப்-9 வரை அதிலும் செய்யலாம்.

இந்தக் கேள்விகளை அலட்சியம் செய்ததற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்புக்கு டெனோஃபோவிர் ஜெல்லைத் தென்னாப்பிரிக்காவில் சோதித்து, 2010இல் தொற்று 39 சதவீதம் குறைந்தது என்று அறிவித்தபோது உலகமே கைதட்டியது. அடுத்து 'வாய்ஸ்' என்ற பெரிய ஆய்வில் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்கள் சேர்ந்தார்கள்; ஒரு பிரிவினருக்குத் தினமும் ஜெல். வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது ஆம். ரத்தத்தைச் சோதித்தால் நான்கில் ஒரு மாதிரியில்தான் மருந்து இருந்தது. ஜெல்லால் பலன் இல்லை என்று முடிந்தது. அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று சிலர் எழுதினார்கள். கவுன்ட்டரில் நிற்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீட்டிய கையிலிருந்து ட்யூபை வாங்கிக்கொண்டு, முகம் கோணாமல் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஜெல்லுக்கு நல்ல பக்கமும் உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள க்ரீமும் பெசரியும் ஆணுறையின் ரப்பரை வலுவிழக்கச் செய்யும்; தண்ணீரில் செய்த ஜெல்லில் அந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம். துணியில் பட்டாலும் அலசினால் போய்விடும். இரண்டும் பெண்களுக்குப் பெரிய விஷயம். நான் பார்த்த எந்த ஆய்வேட்டின் முன்னுரையிலும் இது இல்லை.

பேராசிரியர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த ஜெல் தலைப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் கல்லூரி நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கி, மாணவிகளை முதல் மாதம் லேபுக்கு அனுப்பாமல் வெளியே அனுப்புங்கள். மருந்தே வேண்டாம், வெறும் ட்யூபும் வெறும் குழாயும் போதும். எவ்வளவு அளவு என்றால் ஒழுகாது, எந்த வழவழப்பு அருவருப்பு, எத்தனை இரவு தாங்கும் என்று கேட்டுவிட்டு வரட்டும். அப்புறம் கார்போபால் எவ்வளவு என்று முடிவு செய்யலாம். மாணவர்களும் வரலாம், பற்பசை அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற தம்பி அடுத்த வாரம் திரும்பி வந்து, ஒரு நோட்டில் நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு போனார். அவர் ஜெல்லுக்கு இப்போது பி.எச். 4.2 என்று கேள்வி.

என் கடை மதியம் 2 மணியிலிருந்து 4 மணிவரை காலியாக இருக்கும். வீட்டுக்காரர் அப்போது இருக்க மாட்டார். உள்ளே ஸ்டாக் அறையில் ஒரு பெஞ்சும் ஒரு ஃபேனும் போட்டு வைக்கிறேன். வருகிற மாணவிகளை வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எஃப்-6ஐச் செய்த பழைய மாணவி ஒருத்தி